பிலோமினாவின் கலியாணக் கவுணும் நான் பட்ட பாடும்

தையல் ஒரு தொழில், மற்றவர்கள் வீட்டில் தைத்துக் கெடுத்ததைத் திருத்திக் குடுக்கிறது இன்னொரு தொழில். முதலாவதைப் பழகினவளுக்கு இரண்டாவதுதான் வாய்க்கும்.

வீட்டில் ஒரு மெசின் வைத்திருக்கிற அக்கா தங்கச்சிமாருக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். படலை திறக்கிற சத்தம் கேட்கும். ஒருத்தி கக்கத்தில் பொட்டளியோடு வருவாள். முதலில் உங்கள் சுகம் கேட்பாள். பிறகு பிள்ளைகளின் சுகம், பிறகு ஆட்டின் சுகம். அந்தக் கதை முடிகிற நேரம் பொட்டளி எப்படியோ உங்கள் மடிக்கு வந்திருக்கும். முழுக்கத் தானே தைத்தாளாம், கழுத்தை மட்டும் பார்த்துக் குடுத்தால் போதுமாம். விரித்துப் பார்த்தால் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் கை இருக்கும், கை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. துண்டுத் துணி பொருத்தி விரிப்புத் தைக்கப் போகிறேன் என்று தொடங்குகிறவர்கள் இன்னும் மோசம். நாலு மூலையும் நாலு திசைக்குப் போன பிறகுதான் அவர்களுக்கு என் ஞாபகம் வரும்.

உள்துறைமுகத்துக்கு இறங்குகிற ஒழுங்கையில் என் வீடு. முன்னறை யன்னலோடு கால் மெசின். அதில் இருந்தபடி எத்தனையோ கோலங்களைப் பிரித்துத் தைத்திருக்கிறேன். அதில் ஒரு கவுணின் கதையை மட்டும் இப்போது சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பிலோமினா தன் மகளுக்கென்று வைத்திருந்த கலியாணக் கவுண் அது. அது அந்த மகளிடம் போய்ச் சேருமோ சேராதோ என்று இரண்டு வீடும் பார்த்துக்கொண்டிருந்த கதை.

ஆகாயத்தில் இருந்து வந்த துணி

வெள்ளைக்காரன் ஆட்சியைக் குடுத்துவிட்டான், ஆனால் அவனுடைய கப்பல் பட்டாளம் துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. அந்தக் காலம். பிலோமினாவுக்குப் பேசின மாப்பிள்ளை சூசை அங்கே சாமான் களஞ்சியத்தில் வேலை செய்தான். உலகச் சண்டைக்கு வந்து மிஞ்சின சாமான்களை ஏலத்தில் விற்பார்கள். மற்ற ஆட்கள் வாளி, கயிறு, தகரம் என்று எடுத்துக்கொண்டு போக, சூசை ஒரு பரசூட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆள் ஆகாயத்தில் இருந்து குதிக்கிற குடை. வெள்ளை வெளேரென்று பட்டு மாதிரி இருந்தது. பிடித்தால் கையில் நில்லாது.

அதைப் பிரித்தெடுத்தது கண் போகிற வேலை. ஒருவனின் உயிர் இதில் தொங்கப்போகிறது என்று நினைத்துத் தைத்த தையல் அல்லவோ, ஒவ்வொன்றும் இரட்டை மடிப்பு. மெசினில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். கீழே பழைய பேப்பரை வைத்துச் சேர்த்துத் தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்தெடுத்தேன். பிலோமினா அப்போது முருங்கைக்காய் மாதிரி இருந்தாள். அவளுடைய அளவுக்கு மட்டும் வெட்டினால் பாதித் துணி மிஞ்சிப்போகும். நான் மிச்சம் வைக்கவில்லை. பின்னுக்கு நிலத்தில் இழுபடுகிற மாதிரி நீளமாக வால் விட்டேன். பக்கத் தையலுக்கு உள்ளே மூன்று விரல் அகலத்துக்கு உள்மடிப்பு விட்டேன். பிறகொரு நாள் தையலைப் பிரித்து அகட்டலாம், மகள் பிறந்தால் அவளுக்கும் ஆகும் என்று பிலோமினாவுக்குச் சொன்னேன். அவளுக்கு அந்தக் கதை நல்லாய்ப் பிடித்துப்போய்விட்டது. பிறக்காத மகளுக்கு அன்றைக்கே கவுணைச் சொந்தமாக்கிவிட்டாள். அவளுடைய தாய் வந்து அந்த உள்மடிப்பை விரலால் இழுத்துப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"பிள்ளைக்கு இன்னும் தாலி ஏறேல்ல, நீ அங்கால பேத்தியிட இடுப்ப அளந்துகொண்டு நிக்கிறாய்."

சுறா இழுத்தாலும் அவிழாது

சொன்னபடியே மகள் பிறந்தாள். றெஜினா என்று பேர் வைத்தார்கள். கவுண் அலுமாரியில் பூச்சி உருண்டையோடு தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வீட்டில் சூசை இருந்தானே. குடையை ஆருக்கோ இரவல் குடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருகிற மனுசன் அவன். டச்சுக்குடாவில் வலைத்தொழில் செய்கிற மரியான் அண்ணை தன் மகளுக்குக் கலியாணம் ஒப்பேறிவிட்டது, உடுப்புத்தான் இல்லை என்று தெருவில் நின்று சும்மா சொல்லியிருக்கிறார். சூசை வீட்டுக்கு வந்து, அலுமாரியைத் திறந்து, கவுணை எடுத்துக்கொண்டு போய்க் குடுத்துவிட்டான். பிலோமினா குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அது ஒழுங்கை முடக்குத் தாண்டிவிட்டது.

மரியான் அண்ணைக்குப் பெண்சாதி இல்லை, தவறிப்போய்விட்டா. மகளோ பிலோமினாவிலும் மெலிவு. ஆரையும் கரைச்சல் படுத்தாமல் தானே பக்கங்களைப் பிடித்துத் தைத்துவிட்டார். எதால் என்று கேளுங்கோ. வலை பொத்துகிற ஊசியால், வலை நூலால். வலையில் ஒரு கண் அறுந்தால் பக்கத்துக் கண்ணும் சேர்ந்து அவிழக்கூடாது. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி முடிச்சு. கலியாணம் முடிந்து திரும்பி வந்த கவுணுக்கும் அதே மரியாதை நடந்திருந்தது. ஒரு நூலை இழுத்தால் மற்றது கழன்று வரும் என்று சந்தோசப்படவே ஏலாது. ஒவ்வொரு முடிச்சாகச் சவரப் பிளேட்டால் அறுத்துக்கொண்டு நான் இருக்க, மரியான் அண்ணை மீன் குடுக்க வந்தவர் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, கஷ்டமோ? நான் போட்ட முடிச்சு சுறா இழுத்தாலும் அவிழாது. மாப்பிள்ளை என்ன, சுறாவிலும் பெலசாலியே?"

துப்புரவு

சூசை அதற்குப் பிறகு கன காலம் இருக்கவில்லை. நெஞ்சு நோகுது என்று மத்தியானம் வந்து படுத்தவன், படுத்ததுதான். றெஜினாவுக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. பிலோமினா பலகாரம் சுட்டு விற்று அவளை வளர்த்தாள். கவுணைக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அவளால் இல்லை என்று சொல்லவே முடியாமல் போய்விட்டது. அவர் குடுத்துத் தொடக்கிவைத்த பழக்கம், நான் எப்படி மறிக்கிறது என்பாள். இப்படியே கோயில் பங்கில் பாதிப் பெட்டையள் அந்த வாலை இழுத்துக்கொண்டு பீடத்துக்குப் போனார்கள். போன கவுண் ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் திரும்பி வரும். கேக் பட்டிருக்கும், கொக்கி கழன்றிருக்கும், ஆரோ ஓரம் அடித்திருப்பார்கள். அதெல்லாம் பறவாயில்லை. உள்மடிப்பு பத்திரமாக இருந்தது. கிறேஸ் மாமி வரும்வரைக்கும்.

கிறேஸ் மாமி ஓர்ஸ் ஹில்லில் ஒரு கிளாக்கரின் பெண்சாதி. அப்படியொரு துப்புரவு. அவவின் முற்றத்தில் கோழியும் யோசித்துத்தான் கால் வைக்கும். தமையனின் மகளுக்கென்று கவுணை எடுத்துப்போனா. வீட்டில் கை மெசின் இருக்கிறது, திரேசாவை, அதுதான் என்னை, ஏன் கரைச்சல் படுத்துவான் என்று தானே இடுப்பைப் பிடித்துத் தைத்தா. கவுண் திரும்பி வந்தபோது கழுவி, கஞ்சி போட்டு, மடிப்புக் குலையாமல் இருந்தது. நான் வழக்கம்போல உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தேன். உள்மடிப்பைக் காணவில்லை. மூன்று விரல் அகலம் இருந்த இடத்தில் ஒரு நூல் அகலம். வெட்டின துணி எங்கே என்று பதறிக்கொண்டு கேட்டேன். லாம்புச் சிமினி துடைக்க அதைப்போல ஒரு துணி இல்லையாம், துடைத்துத் துடைத்து முடிந்துவிட்டதாம். பிலோமினா முகம் வெளுத்துப்போய் நின்றாள். நின்றவள் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவவுக்கே குடுத்தாள். மாமி அதைக் குடித்துக்கொண்டு எனக்குச் சொன்னா:

"உள்ளுக்குள்ள குப்பை மாதிரித் துணி தொங்கிச்சுது திரேசா. எல்லாத்தையும் ஒட்ட வெட்டித் துப்புரவாக்கிப் போட்டன். முதல் தைச்சவள் ஆரோ சரியான ஊத்தைக்காரி."

இரண்டு வீட்டுக்கும் நடுவில்

பிறகு துணிக்குப் பஞ்சம் வந்தது. சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து குடுத்தார்கள். வருகிற துணிக் கட்டுக்குள் ஒரேயொரு பூப்போட்ட துணிதான் இருக்கும். அந்த வருசத் திருநாளுக்குக் கோயிலுக்குப் போனால் முன்வாங்கில் இருந்து பின்வாங்கு வரைக்கும் ஒரே பூ. தாய்க்குச் சட்டை, மகளுக்குப் பாவாடை, தகப்பனுக்குத் தலையணை உறை, எல்லாம் அந்தப் பூத்தான். அப்படியான காலத்தில் வெள்ளைக் கவுண் ஒன்று ஒரு வீட்டில் இருக்கிறது என்றால் சனம் விடுமோ.

பிலோமினா அப்போது ஒரு முடிவுக்கு வந்தாள். றெஜினா வளர்ந்து தொலைபேசிக் கந்தோரில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இனி அவள் கட்டும்வரைக்கும் கவுண் வெளியே போகக்கூடாது. ஆனால் பொய் சொல்ல அவளுக்குப் பயம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாருக்குச் சொல்லவேண்டி வரும். அதனால் கவுணைக் கொண்டுவந்து என் பெட்டிக்குள் வைத்தாள். கேட்டு வருகிறவர்களுக்கு, அது எங்கள் வீட்டில் இல்லை என்று உண்மையைச் சொல்லலாம். என்னிடம் வந்தால் நானும் உண்மையைத்தான் சொல்வேன், அது என்னுடைய சாமான் இல்லை, குடுக்க எனக்கு உரித்து இல்லை என்று.

கொஞ்ச நாள் இது நல்லாய் நடந்தது. ஒருநாள் பாலையூற்றில் இருந்து அன்னம்மா என்று ஒரு தாய் வந்தா. பிலோமினா என்னிடம் அனுப்பினாள், நான் பிலோமினாவிடம் அனுப்பினேன், அவள் திரும்ப என்னிடம் அனுப்பினாள். நல்ல வெயில். இப்படி நாலைந்து தரம் நடந்த மனுசி கடைசியில் இரண்டு வளவுக்கும் நடுவேலியில் நிற்கிற வேப்பமரத்துக்குக் கீழே சீலையை விரித்துக் குந்திவிட்டா. கோபம் ஒன்றும் இல்லை. விசிறிக்கொண்டு சொன்னா:

"நான் இதில இருக்கிறன். நீங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சுப்போட்டு என்னைக் கூப்பிடுங்கோ."

அந்தோனியார் காப்பாற்றினது

கூப்பிட்டோம், வேறென்ன. ஆனால் அன்னம்மா உடுக்கக் கேட்கவில்லை. வீட்டில் எல்லாருடைய கூப்பனையும் சேர்த்து வெள்ளைத் துணி எடுத்துவிட்டாவாம், அளவு பார்த்து வெட்ட மட்டும் கவுண் வேண்டுமாம். இது ஆபத்தில்லாத இரவல் என்று பிலோமினாவுக்கு நிம்மதி. எனக்கும்தான். நானே மடித்துக் குடுத்தேன். வெட்டுகிறபோது வந்து நிற்கட்டுமோ என்றும் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம், பார்த்து வெட்டுகிற வேலைதானே என்றா.

பார்த்து வெட்டினதாலேயே வந்த வினை. கவுணை நிலத்தில் விரித்து, அதன்மேல் புதுத் துணியைப் போட்டு, விளிம்பைக் கையால் தடவித் தடவி வெட்டியிருக்கிறா. கவுணின் ஒரு கை பக்கத்தால் நீட்டிக்கொண்டு துணிக்குக் கீழே கிடந்ததை நினைக்கவில்லை. கத்தரிக்கோல் மேல் துணியை வெட்டிக்கொண்டு வந்து, கீழே கிடந்த கையையும் முழங்கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள் கவுணை ஒரு பொட்டளியிலும் வெட்டுப்பட்ட கையை இன்னொரு பொட்டளியிலும் கட்டிக்கொண்டு வந்து நின்றா. பரசூட் துணி வெட்டின இடத்தில் இழை இழையாகக் கழன்று போகும், திரும்பப் பொருத்த ஏலாது. மற்றக் கையையும் முழங்கையோடு வெட்டி, இதுதான் இப்போது பாசன் என்று பிலோமினாவைத் தேற்றினேன். அன்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தா. மன்னிப்புக் கேட்கப் போகிறா என்று நினைத்தேன்.

"என்ட துணியில ஒரு கீறல் விழேல்ல அக்கா. அந்தோனியார் காப்பாத்திப்போட்டார்."

றெஜினாவின் முறை

ஆட்சி மாறி, கடைகள் திறபட்டு, தெருவெல்லாம் துணி கட்டுக்கட்டாக வந்து குவிந்த பிறகு றெஜினாவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. இனி ஆரும் பழசைக் கட்டத் தேவையில்லை. பிலோமினாவே சொன்னாள், ஊரெல்லாம் உடுத்துக் கிழிச்சது உனக்கு என்னத்துக்கு, புதுசு எடுப்போம் என்று. றெஜினா மாட்டேன் என்றாள். தகப்பனின் முகம் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. படம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் தோளில் சுமந்து கொண்டுவந்த துணி இது. கோயிலுக்கு இதோடுதான் போவேன், இல்லாவிட்டால் கந்தோருக்குப் போகிற சீலையோடு போவேன் என்று சொல்லிவிட்டாள். தாய்க்கு உள்ளுக்குள் சந்தோசம். பிறகு என் முன்னறையில் போட்டுப் பார்த்தோம்.

றெஜினா தாயைப்போல இல்லை. சூசையின் தோள், சூசையின் முதுகு. களஞ்சியத்தில் மூட்டை தூக்கின பரம்பரை. கவுண் தலையால் இறங்கி நெஞ்சில் நின்றது. மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். பின்பக்கம் கொக்கி இருக்கிற கரை ஒன்று, வளையம் இருக்கிற கரை ஒன்று. நடுவில் ஒரு சாண் வெளி. பிலோமினா கதிரையில் இருந்துவிட்டாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி நான் உட்புறத்தைத் தடவினேன், இல்லாத உள்மடிப்பைத் தேடி. றெஜினாதான் முதலில் சிரித்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா துணியும் தந்தார், உடம்பும் தந்தார். ரெண்டையும் ஒண்டுக்கொண்டு சரிவரத் தர மறந்துபோனார்."

உதவிக்கு வந்தவர்கள்

எங்கட ஒழுங்கையில் ஒரு கதை படலை தாண்டினால் மணிக்கூட்டுக் கோபுரத்தில்தான் நிற்கும். கவுண் றெஜினாவுக்குக் காணாதாம் என்று தெரிந்ததும், அதை ஒருகாலத்தில் கட்டினவர்களும் கட்டினவர்களைப் பெற்றவர்களும் உதவி செய்ய வரத் தொடங்கினார்கள். உங்களுக்குத் தெரியும், தையலில் உதவி கேட்டு வருகிறவர்களைச் சமாளிக்கலாம், உதவி செய்ய வருகிறவர்களை ஏலாது. மரியான் அண்ணை கிழண்டிப்போய்த் தடி ஊன்றிக்கொண்டு வந்தார், வலை ஊசியோடு. முதுகில் இரண்டு பக்கமும் கண் வைத்துப் பாய்க்கயிறு மாதிரிக் கோர்த்து இழுத்துக் கட்டலாமாம். அன்னம்மா தன் மகளின் உடுப்பில் மிஞ்சின வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்தா. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பால், மற்றது பழுப்புச் சீனி. இன்னொருத்தி கலியாணம்வரைக்கும் பெட்டைக்கு இரவுச் சாப்பாடு குடுக்கவேண்டாம் என்றா. றெஜினா அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது பணிஸையும் எடுத்துக் கடித்தாள்.

கடைசியாகக் கிறேஸ் மாமி ஓர்ஸ் ஹில்லில் இருந்து குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்தா. மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கவுணை உட்புறம் புரட்டி, தையலோடு தையலாக விரலை ஓட்டிக்கொண்டு போனா. எனக்கு வாய் உன்னிக்கொண்டு வந்தது. பிலோமினா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்கவும் இல்லை. மாமி கவுணை மடியில் வைத்து, தலையை ஆட்டி, எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னா:

"உள்மடிப்பெண்டு ஒரு துளி துணி விடாமல் இதை வெட்டினது ஆர்? தையல் தெரியாத சனத்தைக் கொண்டு தைப்பிச்சால் இதுதான் நடக்கும்."

வால்

எல்லாரும் போன பிறகு நான் பிலோமினாவுக்கு உள்ளதைச் சொன்னேன். இந்தக் கவுணுக்குப் பொருந்துகிற துணி உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அது இந்த வாலில். வாலை வெட்டினால் இரண்டு பக்கமும் கக்கத்தில் இருந்து அடிவரைக்கும் நீளத் துண்டு போடலாம். வேறு வழி இல்லை. பிலோமினா கேட்கவே மாட்டேன் என்றாள். வால் இல்லாவிட்டால் அது கவுணே இல்லையாம், இரவில் படுக்கிற சட்டையாம். சனம் தேடி வந்து கேட்டதே அந்த வாலுக்காகத்தானாம். பிறகு குரல் இறங்கிச் சொன்னாள், கலியாணத்தன்று ஒழுங்கையெல்லாம் சேறு, வாலைச் சுருட்டித் தன் கையில் போட்டுக்கொண்டு சூசை கோயில் வாசல் வரைக்கும் வந்தவன் என்று. நான் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன்.

றெஜினா தாய்க்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். அப்பா இருந்திருந்தால் வாலைக் கேட்டு வந்த முதல் ஆளுக்கே வெட்டிக் குடுத்திருப்பார் என்றாள். பிலோமினாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது, அது உண்மை. அதோடு றெஜினா இன்னொன்றும் சொன்னாள்: வால் போனால் இனி ஒருத்தரும் இதைக் கேட்டு வரமாட்டார்கள், அம்மாவுக்கும் நிம்மதி, திரேசா மாமிக்கும் நிம்மதி. அந்தக் கதை பிலோமினாவுக்கு ஏறினது. தலையை ஆட்டினாள். ஆட்டினதை அவள் மாற்றுவதற்குள் நான் வெட்டிவிட்டேன்.

துண்டுகள் கச்சிதமாக இருந்தன. ஒரே ஒரு பிழை. வாலின் அடி மடிப்புக்குள்ளே பட்டாளத்து முத்திரை ஒன்று கறுப்பு மையால் குத்தியிருந்தது, களஞ்சியக் குறி. முதன்முதல் தைத்தபோது மடிப்புக்குள் ஒளித்துவிட்டேன். இப்போது அந்தத் துண்டைப் போட்டால் அது இடது கைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே நேராக வந்து நிற்கிறது. புரட்டிப் போட்டாலும் மை மற்றப் பக்கம் தெரிகிறது. எலுமிச்சம்புளி, சோடா, சவர்க்காரம், எதற்கும் அசையவில்லை. லேசில் ஒரு பூச் செய்து மேலே தைத்து மூடுவோம் என்று ஊசியைக் கோர்த்தேன். றெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முத்திரையை ஒருதரம் விரலால் தடவினாள்.

"விடுங்கோ மாமி. அப்பா வேலை செய்த இடத்துக் குறி அது. தகப்பன் பக்கத்தால ஆரும் வரேல்ல எண்டு இனி ஒருத்தரும் சொல்லேலாது."

கோயில் வாசல்

கலியாணத்தன்று கடற்காற்று அடித்த அடியில் றெஜினா தலையில் போட்டிருந்த நெற் முக்காடு கப்பல் பாய்மாதிரி எழும்பினது. கவுண் அசையவில்லை. அப்படிப் பொருந்தி இருந்தது அவளுக்கு. பூங்கொத்தை இடது கையில் பிடித்திருந்தபடியால் முத்திரையைக் கண்டவர்கள் இரண்டொரு பேர்தான். அவர்களும் ஏதோ புதுவிதச் சித்திரத் தையல் என்று நினைத்தார்கள். முன்வாங்கில் கிறேஸ் மாமி, உட்பக்கம் அன்றைக்கே துப்புரவாக இருந்தபடியால்தான் இவ்வளவு எடுப்பாக நிற்கிறது என்று பக்கத்தில் இருந்தவவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. பிலோமினா பூசை முழுக்க முழங்காலில் நின்றாள். பூசை முடிந்து எழும்பின முகத்தில் அப்படி ஒரு ஆறுதல். கவுண் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. வாலும் போய்விட்டது. இனி அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் போடலாம்.

வாசலில் படம் எடுக்க நின்றோம். முன்பின் கண்டிராத ஒரு மனுசி மெலிந்த பெட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சனத்தை விலக்கி வந்தா. பிலோமினாவுக்குக் கேள்வி வருமுன்னமே விளங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்தரம் அவள் கையில் ஒரு மறுமொழி ஆயத்தமாக இருந்தது. இதில் வால் இல்லை அக்கா, பாருங்கோ என்று மகளைத் திருப்பிக் காட்டினாள். மனுசியின் முகம் மலர்ந்துவிட்டது. வால் இல்லாதது நல்லதாய்ப் போய்விட்டதாம். அவவின் பிள்ளையைக் கட்டிக் குடுக்கிறது மூதூருக்காம், லோஞ்சில் ஏறி இறங்கவேணும், வால் இருந்தால் கடல் தண்ணியில் நனைந்து நாறிப்போகுமாம். பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். வாலை வெட்டச் சொன்ன றெஜினா பூங்கொத்தைத் தாயிடம் குடுத்துவிட்டு, அந்தப் பெட்டையை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தாள். குடையைக் குடுக்கப் போகிற நேரம் சூசை பார்க்கிற பார்வை, அச்சு அசல்.

"செவ்வாய்க்கிழமை வந்து எடுங்கோ அன்ரி. பிள்ளை மெலிவெண்டு யோசிக்காதேங்கோ, திரேசா மாமி பிடிச்சுத் தைச்சுத் தருவா."

தையற்காரிக்கு ஊர் நிறைய வாடிக்கைக்காரர் இருக்கவேண்டியதில்லை, இல்லை என்று சொல்லத் தெரியாத ஒரு குடும்பம் பக்கத்து வளவில் இருந்தால் கண் மூடும்வரைக்கும் கைக்கு வேலை இருக்கும்.